கடல் பார்க்காமல் திரும்பியவள்

பேண்டு கோஷ்டியில் போன பெண்கள் அத்தனை பேரும் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். செவெரினா ஒருத்திதான் பார்க்கவில்லை.

விமானத்தில் அவளுக்கு முன்னாலும் பின்னாலும் அதே பேச்சாக இருந்தது. வெயிலில் மூக்குத் தோல் உரிந்து, கழுத்தில் சிப்பி மாலை தொங்க, ஒவ்வொருத்தியும் தான் பார்த்த கடலைப் பக்கத்தில் இருந்தவளுக்கு விவரித்துக்கொண்டிருந்தாள், யாரோ ஆளுக்கொரு கடலைத் தனித்தனியாகக் காட்டியது போல. பொலிவியாக்காரர்களுக்குக் கடல் லேசான சங்கதி இல்லை. ஒரு காலத்தில் அவர்களுக்கும் கடற்கரை இருந்தது; போரில் பறிபோனது. இன்றைக்கும் வருஷத்துக்கு ஒரு நாள் பள்ளிப் பிள்ளைகள் சீருடை மடிப்புக் கலையாமல் வரிசையாக நின்று, கண்ணால் காணாத அந்தக் கடலுக்காகப் பாடுகிறார்கள். செவெரினாவும் ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு பாடியவள்தான்.

“கொலம்பியா வரைக்கும் போயி கடலைப் பாக்காம வந்தவ நம்ம ஊர்லயே நீ ஒருத்தியாத்தான் இருப்ப,” என்றாள் பக்கத்து இருக்கையில் இருந்த யோலா. கோஷ்டியில் ட்ரம்பெட் ஊதுகிறவள், செவெரினாவின் சிநேகிதி. “தூளியில கெடந்து தூங்கிட்டு வந்திருக்க, அவ்வளவுதான்.”

“தூங்கினேன்தான்,” என்றாள் செவெரினா.

மாவுக்கட்டுப் போட்ட காலை முன் இருக்கைக்கு அடியில் நீட்டிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே மேகம் மட்டும் இருந்தது. ஏனோ அவளுக்குச் சிரிப்பு வந்தது. யோலா பார்த்துவிடக் கூடாதே என்று போர்வையை வாய்வரைக்கும் இழுத்துக்கொண்டாள்.

அவர்கள் ஊர் ஒருரோ, மேட்டுநிலத்தில் இருக்கிறது. அங்கே மரம் குறைவு, காற்று அதிகம், ஆனால் அந்தக் காற்று மூச்சுக்குப் பாதிகூடக் காணாது, அவ்வளவு உயரம். செவெரினா சந்தையில் ஆப்பி விற்பவள். ஊதாச் சோள மாவில் பட்டையும் கிராம்பும் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சுகிற பானம் அது. குளிரில் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு கோப்பை குடித்தால்தான் கைவிரல் மடங்கும். அதனால் ஊர் விழிப்பதற்கு முன்னால் அவள் விழித்தாக வேண்டும். கல்யாணமான மறுவாரம் தொடங்கிய வழக்கம். மகன் பிறந்த மாதம் மட்டும் விட்டுப்போனது. கடை நேரம் போக மீதிக்குப் பெண்கள் பேண்டு. அதில் அவளுக்குப் பெரிய பித்தளைத் தாளம். நடந்துகொண்டே இரண்டு தட்டையும் தலைக்கு மேல் சுழற்றி அடித்தாள் என்றால் திருவிழாக் கூட்டம் தானாக வழி விடும்.

கொலம்பியாவில் சினு ஆற்றங்கரையில் சாந்தா இனேஸ் என்று ஒரு ஊர். அங்கேயும் பேண்டு இல்லாமல் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. அந்த ஊர் முனிசிபாலிட்டிதான் இவர்களை அழைத்தது: இந்த வருஷம் நீங்கள் எங்கள் விழாவுக்கு வாருங்கள், அடுத்த வருஷம் நாங்கள் உங்கள் கார்னிவலுக்கு வருகிறோம். முதலில் விழா, அப்புறம் சுற்றுவட்டார ஊர்களில் கச்சேரி, கடைசியில் கடற்கரை.

செவெரினாவின் புருஷன் கசியானோ மினிபஸ் ஓட்டுகிறவன். அதிகம் பேசமாட்டான். “போயிட்டு வா. கடைய என் தங்கச்சி பாத்துப்பா,” என்று மட்டும் சொன்னான்.

போய் இறங்கிய அன்று மாலையே விழுந்தாள்.

ஆற்றைக் கயிற்றுப் படகில் கடந்துதான் ஊருக்குள் போக வேண்டும். கோஷ்டி முழுக்க மேடை உடுப்பில் நின்றது: அடுக்கடுக்கான பாவாடை, உயரக் குதிகால் பூட்ஸ். எதிர்க்கரையில் ஊர் பேண்டு வரவேற்பு வாசித்துக்கொண்டிருந்தது. செவெரினா இரண்டு கையிலும் தாளத்தைப் பிடித்தபடி ஈரப்பலகையில் கால் வைத்தாள். அடுத்த நொடி சேற்றில் கிடந்தாள். தட்டு இரண்டும் மோதி எழுப்பிய ஓசை ஆற்றைத் தாண்டிக் கேட்டது. கச்சேரி ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக் கரையில் இருந்த ஊர் ஜனம் கைதட்டியது.

கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்திருந்தது. சுகாதார நிலையத்தில் மாவுக்கட்டுப் போட்ட டாக்டர், காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார். கோஷ்டித் தலைவர் தோன் ஹிலாரியோன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். டிக்கெட் எல்லாம் மொத்தமாக எடுத்தது. ஒருத்தியை மட்டும் முன்னால் அனுப்ப வழியில்லை. ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போகவும் முடியாது.

“இதுல யோசிக்க என்ன கெடக்கு?” என்றாள் எதெல்மிரா. செவெரினாவும் யோலாவும் தங்குவதாக இருந்தது அவள் வீட்டில்தான். அறுபதை நெருங்குகிற, அகன்ற தோளும் உரத்த குரலும் கொண்ட மனுஷி. “எங்க கொல்லையில மாமரம் இருக்கு, தூளி இருக்கு, காத்து வருது. இவ இங்க கெடக்கட்டும். நீங்க போயி உங்க பீப்பிய ஊதிட்டு வாங்க.”

அப்படித்தான் செவெரினா அந்தத் தூளியில் வந்து விழுந்தாள்.

பெரியவர்கள் படுக்கிற, பட்டை பட்டையாக நிறம் கொடுத்து நெய்த துணித் தூளி. ஒரு நுனி அடுக்களைத் தூணில், மறுநுனி மாமரத்தில். அடுக்களை வீட்டிலிருந்து தள்ளி, ஓலைக் கூரையோடு தனியாக நின்றது; எதெல்மிரா பொழுது முச்சூடும் அங்கேதான். மாமரத்தடியில் தோல் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு அவள் புருஷன் எபார்கியோ உட்கார்ந்திருப்பார். ஊர் பேண்டில் அவருக்குப் பொம்பார்தினோ: மடியில் பிள்ளையைப் போல ஏந்தி ஊதுகிற பெரிய பித்தளைக் கொம்பு. முன்பல் ஒன்று ஆட்டம் கண்டுவிட்டதால் இந்த வருஷ விழாவில் அவரைச் சேர்க்கவில்லை. அந்த வருத்தத்தில் நாள்பூரா கொம்பைத் துடைப்பதும், தான் வாசித்திருக்க வேண்டிய பகுதியை மூக்கால் முனகுவதுமாக இருந்தார்.

முதல் நாள் காலையில் செவெரினா அரைத்தூக்கத்தில் இருந்தபோது அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

“மந்திரி, உன் மொதலாளிகிட்ட சொல்லு, காபி ஆறுதுன்னு.”

மாமரத்தடியிலிருந்து பதில் வந்தது. “மந்திரி, கேளு, சக்கரை போட்டாச்சான்னு.”

“சக்கரை போட்டாத்தான் காபி, போடாட்டி கழுநீர்னு சொல்லு மந்திரி.”

செவெரினா காய்ச்சலில் ஏதோ கேட்கிறது என்று நினைத்தாள். அப்புறம்தான் தெரிந்தது, தூளிக்கு அடியில் படுத்திருந்த செம்பட்டை நாய்க்குப் பேர் மந்திரி என்று. அது ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

மத்தியானத்துக்குள் மந்திரியின் பதவி பறிபோனது.

“மவளே,” என்றாள் எதெல்மிரா, “அந்த மனுஷன்கிட்ட சொல்லு, சாப்பாடு ஆயிடுச்சு.”

அந்த மனுஷன் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தார். செவெரினா தலையைத் திருப்பி, பெரியவர்களை அழைக்கிற மரியாதையோடு, “தோன் எபார்கியோ, சாப்பாடு ஆயிடுச்சாம்,” என்றாள்.

“வரேன்னு சொல்லுங்க.”

“வராராம், தோனியா எதெல்மிரா.”

“கைய கழுவிட்டு வரச் சொல்லு.”

“கைய கழுவிட்டு…”

“கழுவிட்டேன்னு சொல்லுங்க. பொறந்ததுலேர்ந்து கழுவிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லுங்க.”

இப்படியே போயிற்று. மேட்டுநிலத்து மனுஷர்கள் ஒரு வார்த்தையை நாலு தடவை வாய்க்குள் உருட்டிவிட்டு வெளியே விடுவார்கள். இவர்களோ பாதி வார்த்தையை விழுங்கிவிட்டு மீதியை வீசி எறிந்தார்கள். முதலில் செவெரினாவுக்குப் பாதி புரியவில்லை. புரிந்ததை மட்டும் எடுத்துக் கொடுத்தாள்.

விஷயத்தை எதெல்மிராவே சொன்னாள், பெருவள்ளிக் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டே. ஒரே மகள் நூபியா. பனாமாவுக்கு வேலைக்குப் போவதென்று முடிவாகி, கிளம்புகிற நாளும் குறித்தாயிற்று. விடிந்ததும் எதெல்மிரா எழுந்து பார்த்தால் படுக்கை காலி. அப்பனும் மகளும் விடிவதற்கு முன்பே பேருந்து நிலையத்துக்குப் போய், மகள் வண்டி ஏறியும் ஆயிற்று.

“என்னை எழுப்பல மவளே. பெத்தவ நான். கோழிய எழுப்பி மூட்டை கட்டியிருக்காங்க, நாய எழுப்பி வழியனுப்பச் சொல்லியிருக்காங்க. என்னை எழுப்பல.” கத்தியைப் பலகையில் வைத்தாள். “அன்னையிலேர்ந்து அந்த ஆளோட எனக்குப் பேச்சு கிடையாது. ரெண்டு வருஷம்.”

“சமையல் மட்டும் பண்ணிப் போடறீங்க.”

“பட்டினி போட்டா செத்துப்போவான். அப்புறம் யார்கிட்டப் பேசாம இருக்கறது?”

எபார்கியோ தன் பக்கத்தைச் சொல்ல இன்னும் சில நாள் எடுத்துக்கொண்டார். எதெல்மிரா ஆற்றுக்கு மீன் வாங்கப் போயிருந்த நேரம். “பிள்ளைதான் கேட்டுச்சு,” என்றார் கொம்பைத் துடைத்தபடியே. “அப்பா, அம்மா அழுதா என்னால போக முடியாது, எழுப்பாதீங்கன்னு. நான் என்ன பண்ண? அவ பேச்சைக் கேட்டேன். இவ கோவம் நியாயந்தான். ஆனா அவ கேட்டதும் நியாயந்தானே?”

தூளி லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

டாக்டர் கொடுத்த வலி மாத்திரை ஒரு பக்கம், அந்த ஊர்க் காற்று ஒரு பக்கம். அப்படிப்பட்ட காற்றை அவள் சுவாசித்ததே இல்லை. கஞ்சி போல, பிசுக்குப் பிசுக்கென்று, வயிறு நிறைகிற காற்று. மூச்சை இழுத்தால் பாதியில் நிற்காமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இழுக்க இழுக்கத் தூக்கம் வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். விழித்தால் மாவிலைகளுக்கு நடுவே ஓணான் ஒன்று அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். மறுபடி விழித்தால் ஓணான் இருந்த இடத்தில் வெயில் இருக்கும். ஆறு கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் வேலிக்கு அப்பால் அது நகர்வது உடம்புக்குத் தெரிந்தது. ஒருமுறை அவளுடைய ஆப்பிப் பானைகள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அந்த ஆற்றில் மிதந்து போயின. அவள் கரையில் நின்று பார்த்தாள். பிடிக்கவே தோன்றவில்லை. பானைகள் வளைவைத் தாண்டி மறைந்ததும் அப்பாடா என்றிருந்தது. விழித்தபோது அதுதான் அவளைப் பயமுறுத்தியது: அந்த அப்பாடா.

எத்தனை நாள் ஆயிற்று என்ற கணக்கு முதலில் போயிற்று. அப்புறம் எது கேட்டது, எது கனவில் வந்தது என்ற கணக்கும் போயிற்று.

அந்தக் குழப்பத்தில்தான் பப்பாளிச் சம்பவம் நடந்தது. அவள் கண் விழித்து, வாய் குழற, “தோன் எபார்கியோ, அந்தப் பப்பாளி உங்களுக்காம். பழுத்தது பாத்து எடுத்து வச்சாங்களாம், சாப்பிடச் சொன்னாங்க,” என்றாள்.

முனகல் நின்றது. எபார்கியோ நிமிர்ந்து பார்த்தார். அடுக்களைத் திண்டில் பப்பாளி ஒன்று உண்மையிலேயே இருந்தது. எதெல்மிரா அம்மியில் பூண்டு நசுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கையும் நின்றது. அப்போதுதான் செவெரினாவுக்கு உறைத்தது, யாரும் எதுவும் சொல்லவில்லை, எல்லாம் தான் கண்ட கனவு என்று.

எபார்கியோ எழுந்தார். தயங்கித் தயங்கி நடந்து போய்ப் பப்பாளியை எடுத்தார், பிளந்தார், நின்றபடியே சாப்பிட்டார். எதெல்மிரா அவரைப் பார்க்கவுமில்லை, தடுக்கவுமில்லை. நசுக்கி முடித்த பூண்டையே இன்னும் கொஞ்ச நேரம் நசுக்கினாள்.

“நல்லாருந்துச்சுன்னு சொல்லுங்க,” என்றார் அவர் திரும்பி வந்து உட்கார்ந்து.

“நல்லாருந்துச்சாம்.”

“அது பன்னிக்கு வச்சது,” என்றாள் எதெல்மிரா. ஆனால் குரலில் காரம் இல்லை.

அதற்கப்புறம் செவெரினா தெரிந்தே செய்தாள். எதெல்மிரா, “அந்த மூக்குப் பாட்ட நிறுத்தச் சொல்லு, தலை வலிக்குது,” என்றால், “தோன் எபார்கியோ, பாட்டு நல்லாத்தான் இருக்காம், கொஞ்சம் மெதுவாப் பாடினா இன்னும் நல்லா இருக்குமாம்,” என்பாள். எபார்கியோ, “மீன்ல உப்புப் பத்தலன்னு சொல்லுங்க,” என்றால், “உங்க கை மீன் மாதிரி சினு ஆத்துலயே கெடையாதாம், ஒரு கல்லு உப்பு மட்டும் கேக்கறார்,” என்பாள். மூன்று பேரும் ஒரே கொல்லையில்தான் இருந்தார்கள். எல்லார் காதும் நன்றாகக் கேட்டது. யார் என்ன சொன்னார்கள், செவெரினா அதை என்ன ஆக்கினாள் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்துக் காத்திருந்தார்கள்.

“இவ சொல்றது கேக்க நல்லாருக்கு,” என்றாள் எதெல்மிரா ஒருநாள், யாரிடம் என்று இல்லாமல். “அந்த மனுஷனுக்கு இந்த நாக்கு இருந்திருந்தா ஊர்ல பாதிப் பொண்ணுங்க இவன் பின்னாலதான் போயிருக்கும்.”

“போனாங்கன்னு சொல்லுங்க,” என்றார் எபார்கியோ.

“யாரும் போகலயாம்,” என்றாள் செவெரினா. எதெல்மிரா முந்தானைபோல் தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

கடைசி நாளுக்கு முந்தின மத்தியானம் மழை பிடித்தது. சாரல் தெறித்ததால் தூளியின் மறுநுனியை மாமரத்திலிருந்து அவிழ்த்து அடுக்களைக்குள்ளேயே உத்திரத்தில் கட்டினார் எபார்கியோ. நாற்காலியையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். அடுப்பில் கிழங்கும் சீஸும் சேர்ந்து கொதித்துக்கொண்டிருந்தது. ஓலைக் கூரையில் மழை விழுகிற சத்தம் ஆயிரம் பேர் தூரத்தில் கைதட்டுவது போல இருந்தது. செவெரினாவுக்குக் கண் சொருகியது.

“தூளிக்காரம்மா நாளன்னைக்குப் போயிடுவாங்க,” என்றார் எபார்கியோ. எதெல்மிரா அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

அப்புறம் வெகுநேரம் கழித்து, மழையைப் பார்த்தபடியே, “அவகிட்ட ஒண்ணு சொல்லுங்க,” என்றார். “அன்னைக்கு எழுப்பியிருக்கணும்னு சொல்லுங்க. பிள்ளை என்ன கேட்டிருந்தாலும் சரி, நான் எழுப்பியிருக்கணும்.”

செவெரினா வாயைத் திறக்கவில்லை. உண்மையிலேயே தூங்கிக்கொண்டிருந்தாளா, இல்லை வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டிருந்தாளா என்று பிற்பாடு எத்தனையோ முறை தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள். தெரியவில்லை. இதில் எதையும் சேர்க்கவும் முடியாது, குறைக்கவும் முடியாது என்று மட்டும் அப்போது தோன்றியது.

“தூங்கிட்டாங்களா?” என்றார் எபார்கியோ. “மந்திரி,” என்றார் தாழ்ந்த குரலில். நாய் வாலை ஒருதரம் தரையில் தட்டிவிட்டுச் சும்மா இருந்தது. அவர் தொண்டையைச் செருமினார். “அன்னைக்கு உன்னை…”

“மொத தடவையே காதுல விழுந்துச்சு,” என்றாள் எதெல்மிரா.

அகப்பை பானையில் ஒரு சுற்று சுற்றி நின்றது.

“என்ன உடுத்தியிருந்தா?”

“ஆரு?”

“ஆரா? பனாமா ராணி! என் மக, அன்னைக்கு என்ன உடுத்தியிருந்தா?”

“மஞ்சச் சட்டை,” என்றார் எபார்கியோ அவசரமாக, அது எங்கே மறந்துவிடுமோ என்பது போல. “நீ தச்சுக் குடுத்தியே, அது. குளுருன்னு என் ஸ்வெட்டர மேல போட்டுக்கிட்டா. பேருந்து நிலையத்துல ஒரு சோளக் கொழுக்கட்டை வாங்கினேன். பாதி தின்னா. மீதிய என் கையில குடுத்துட்டா.”

“அழுதாளா?”

“ஏர்ற வரைக்கும் இல்ல.”

“நீ?”

எபார்கியோ குனிந்து நாயின் தலையைத் தடவினார். செவெரினாவின் மூக்கு நுனியில் ஒரு கொசு உட்கார்ந்து நிதானமாகக் குடித்தது. மாவுக்கட்டுக்குள் உயிர் போகிற அரிப்பு. அவள் அசையவில்லை. எதெல்மிரா இன்னும் கேட்டாள்: எந்தப் பக்கம் உட்கார்ந்தாள், சன்னலைத் திறந்து கை காட்டினாளா, வண்டி கிளம்பினபோது விடிந்துவிட்டதா, வானம் எப்படி இருந்தது. அவர் ஒன்று விடாமல் சொன்னார். இரண்டு வருஷமாக யாரும் கேட்காமல் அவரிடமே தங்கிப்போயிருந்த அந்தக் காலைப்பொழுது, மழைச் சத்தத்துக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. கேட்டுக்கொண்டே செவெரினா நிஜமாகவே தூங்கிப்போனாள். தூக்கத்தில் மஞ்சள் சட்டைப் பெண் ஒருத்தி அவள் தலைமாட்டில் உட்கார்ந்து தூளியை ஆட்டினாள்.

மறுநாள் காலை அவளை எழுப்பியது சண்டை. சாதாரணச் சண்டை இல்லை. ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து வைத்த சண்டை.

“கண்ணு தெரியாத கெழவா, என் வாணலிய எங்க வச்ச?”

“உன் வாணலிய நான் என்ன தலையிலயா கவுத்துக்கிட்டேன்?”

“கவுத்தாலும் கவுப்ப! ரெண்டு வருஷமா உன் அழுக்குச் சட்டைய வாயத் தொறக்காமத் தொவச்சேனே, அதுக்குச் சொல்லணும்!”

தெருவில் போனவர்கள் வேலியோரம் நின்றுவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரி ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி, “பேசிட்டாங்களா? எப்ப? யாரு மொதல்ல?” என்று தூளியில் கிடந்தவளைக் கேட்டாள்.

“நான் தூங்கிட்டேன்,” என்றாள் செவெரினா.

அதற்கு மறுநாள் பேருந்து வந்தது. கோஷ்டிப் பெண்கள் கறுத்துச் சிவந்து, கூச்சலோடு இறங்கினார்கள். எதெல்மிரா செவெரினாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கி, “எலும்பு கூடினாலும் கூடாட்டியும் திரும்பி வரணும், கேட்டுச்சா?” என்றாள். எபார்கியோ அவளுடைய தாளங்களை வண்டியில் ஏற்றினார். தானே அவற்றைத் துடைத்து வைத்திருந்தார். முகம் பார்க்கலாம் போல இருந்தது. வண்டி நகர்ந்தபோது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஏதோ கத்தினார்கள். ஒருவர் குரலை ஒருவர் அமுக்கியதில் ஒன்றும் புரியவில்லை.

யோலா அவளுக்கென்று ஒரு சோடா பாட்டிலில் கடல் தண்ணீர் பிடித்து வந்திருந்தாள். விமான நிலையத்தில் கொண்டுபோகக் கூடாது என்றுவிட்டார்கள். கொட்டுவதற்கு முன் செவெரினா விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக, ரசம் போல இருந்தது. “எப்படி?” என்றாள் யோலா கண் கலங்க. “உப்புக் கரிக்குது,” என்றாள் செவெரினா.

ஒருரோவில் இறங்கியதும் மூச்சு பாதியில் நின்றது. அதுதான் ஊர் என்று உடம்பு சொன்னது.

அடுத்த ஞாயிறு பேண்டுக் கூடத்தில் கூட்டம். போய்வந்தவர்கள் ஆளாளுக்குச் சொல்ல வேண்டும் என்றார் தோன் ஹிலாரியோன். சுவரில் படங்கள் ஓடின: மேடை, கூட்டம், அலை, அலை, மறுபடியும் அலை. பார்த்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். செவெரினாவின் முறை வந்தபோது ஊன்றுகோலோடு எழுந்து நின்றாள். அந்தக் கொல்லையை எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? ஓணானிலிருந்தா? நாயிலிருந்தா? சொன்னால் ஒரு குடும்பச் சண்டைக் கதையாகத்தான் ஆகும்.

“எனக்குக் கால் ஒடிஞ்சுது,” என்றாள். “ரொம்ப நல்லாருந்துச்சு.”

கூடமே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மாவுக்கட்டு பிரித்த வாரம் கைப்பேசியில் எதெல்மிராவின் குரல் வந்தது. எபார்கியோவின் ஆடுகிற பல்லைப் பிடுங்கிவிட்டார்களாம், புதுப்பல் கட்டியாயிற்றாம், கொம்பு மறுபடி ஊதுகிறதாம். நூபியாவிடம் யார் முதலில் பேசுவது என்று போனைப் பிடுங்கிக்கொள்வதில் ஒரு போன் உடைந்துவிட்டதாம். பின்னணியில், “உடைச்சது யாருன்னு சொல்லு!” என்று ஒரு குரல். செவெரினா அதைச் சந்தையில் பானைக்குப் பக்கத்தில் நின்று கேட்டாள். காத்திருந்தவர்கள் கோப்பையை நீட்டியபடி, “என்னம்மா, நீயே சிரிச்சுக்கற?” என்றார்கள்.

அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் கட்டினாள். வீட்டுக்குப் போய்ச் சோளம் அரைக்க வேண்டும். போகவில்லை. சந்தைக்கு எதிரே சதுக்கத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு, பாதி வெயிலில் இருந்தது. வெயில் இருந்த பாதியில் உட்கார்ந்தாள். அடர்நீல வானம், தூசி, ஐஸ் விற்கிறவனின் மணி. கண்ணை மூடவில்லை, ஆனால் ஏறக்குறைய அந்தத் தூளியில் கிடந்த மாதிரிதான் இருந்தது.

கசியானோவின் மினிபஸ் சதுக்கத்தைச் சுற்றி வந்தது. அவளைப் பார்த்ததும் ஹாரன் அடித்தான். “என்ன ஆச்சு? கால் வலியா?”

“இல்ல.”

“யாருக்குக் காத்திருக்க?”

“யாருக்கும் இல்ல. சும்மா உக்காந்திருக்கேன்.”

பின்னால் பயணிகள், “அண்ணே, பொண்டாட்டிய வீட்ல போயிக் கொஞ்சுங்க, வண்டிய எடுங்க!” என்று கத்தினார்கள். அவன் போனான். அடுத்த சுற்றில் வந்தபோதும் அவள் அங்கேயே இருந்தாள். ஹாரன் அடிக்கவில்லை; வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனான். மூன்றாவது முறை வண்டி காலியாக வந்தது. ஓரமாக நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு, வந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றான்.

“என்ன பண்ணணும்?” என்றான்.

“ஒண்ணும் பண்ண வேணாம். உக்காரு.”

அவன் உட்கார்ந்தான். நிழல் இருந்த பாதியில்தான் இடம் இருந்தது. அவனுக்கும் வெயில் படட்டும் என்று அவள் கொஞ்சம் நகர்ந்து கொடுத்தாள். கொஞ்ச நேரம் சாவியை உருட்டினான். அப்புறம் அதையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.